சோலைமந்தியும் சுவர்ப்பாசியும்

ஸ்வீடன் நாட்டு இயற்கையியலர் கார்ல் லின்னேயஸ் 1753-இல் உலகத்துச் செடிகொடிகளுக்கெல்லாம் பெயர் சூட்டி வரிசைப்படுத்தியபோது, ஒரு சென்டிமீட்டர் உயரம் வளர்வதே அபூர்வமான ஒரு பாசிக்கு ‘பிரையம் அர்ஜென்டியம்’ என்று பெயர் வைத்தார். ஐந்தாண்டு கழித்து, 1758-இல், விலங்குகளின் முறை வந்தது. நரைத்த பிடரியும் குஞ்சம் வைத்த வாலும் உடைய ஒரு கருங்குரங்குக்கு ‘சைலீனஸ்’ என்ற பெயர் அப்போது கிடைத்தது. அந்தக் குரங்கு வாழும் மலையை லின்னேயஸ் பார்த்தவரில்லை, இந்தியாவுக்கே வந்ததில்லை. பாசியைப் பார்க்கவோ அவர் வீட்டு வாசலைத் தாண்டியிருக்கவே வேண்டியதில்லை.

பெயர் வைத்த கை ஒன்றுதான். அதற்குப் பிறகு இரண்டின் தலையெழுத்தும் எதிரெதிர்த் திசையில் போய்விட்டது. சிங்கவால் குரங்கு என்றும் சோலைமந்தி என்றும் நாம் சொல்கிற அந்தக் குரங்கு, மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகின் வேறெந்தக் காட்டிலும் கிடையாது. வடகன்னடத்திலிருந்து தெற்கே களக்காடு, அகத்தியமலை வரை துண்டு துண்டாகக் கிடக்கும் மழைக்காடுகளில் எல்லாம் சேர்த்து 3,000 முதல் 4,000 வரை இருக்கலாம் என்பது பரவலான மதிப்பீடு. ஒரு நடுத்தர ஊரின் கல்யாண மண்டபங்களில் ஒரு முகூர்த்த நாளில் சாப்பிடுகிறவர்களைவிடக் குறைவு. பாசியோ அண்டார்க்டிகா உட்பட எல்லாக் கண்டங்களிலும் இருக்கிறது. நியூயார்க் நடைபாதை இடுக்கில் இருக்கிறது; நம் மலையூர்களின் சாலையோரத் தடுப்புச்சுவர்களிலும் இருக்கிறது. தமிழில் அதற்கென்று தனிப்பெயர் வழக்கில் இருப்பதாகத் தெரியவில்லை; இந்தக் கட்டுரையின் வசதிக்காக வெள்ளிப்பாசி என்று வைத்துக்கொள்வோம்.

இவ்விரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்ற கேள்வி ஏதோ கல்லூரிப் பட்டிமன்றத் தலைப்புபோலத் தோன்றலாம். ஆனால், அணை கட்டும்போதும் சாலை போடும்போதும் அரசு கோப்புகளில் நடப்பது இந்த எடைபோடல்தான். எந்த உயிர் பட்டியலில் இருக்கிறது, எது இல்லை, எதற்காகத் திட்டத்தை நிறுத்தலாம், எதற்காக நிறுத்த முடியாது என்று யாரோ ஒருவர் மேசையில் உட்கார்ந்து முடிவெடுக்கிறார். அங்கே சோலைமந்திக்கு ஒரு வரி உண்டு. பாசிக்கு அநேகமாகக் கிடையாது.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இரண்டில் ஒன்றைத்தான் காப்பாற்ற முடியும் என்று யாராவது நெற்றிப்பொட்டில் துப்பாக்கி வைத்தால், ஒரு நொடிகூடத் தயங்காமல் குரங்கைத்தான் சொல்வேன். வெள்ளிப்பாசிக்கு நான் தேவையில்லை, யாரும் தேவையில்லை. ஆனால், அரியது, மலிந்தது என்று இரண்டையும் இரண்டு பெட்டியில் போட்டு மூடிவிடும்போது ஒரு உண்மை கண்ணில் படாமல் போகிறது. குரங்கை அரிதாக்கிய அதே வேலைதான் அந்தப் பாசியை மலியவைத்திருக்கிறது.

குரங்கின் கணக்கு

சோலைமந்தி மரத்தில் பிறந்து மரத்திலேயே வாழும் குரங்கு. கோயில் குளத்தருகே நாம் பார்க்கும் நாட்டுக் குரங்குக்கு இது நெருங்கிய உறவு என்றாலும் குணம் வேறு. பத்திருபது பேர் கொண்ட கூட்டம். பெரும்பாலும் ஒரே ஒரு வளர்ந்த ஆண். காலையிலிருந்து அந்திவரை விதானத்தின் மேலேயே பழம், பூ, விதை, பூச்சி என்று தேடிக்கொண்டு போகும். மரத்துக்கு மரம் கிளை தொட்டிருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் இதன் உலகம் அங்கேயே முடிந்துவிடும்.

திருநெல்வேலி மாவட்டத்தின் காக்காச்சிப் பகுதியில், மாஞ்சோலைக்கு மேலே, வெடிப்பலா மரம் பூக்கும் காலத்தில் இந்தக் குரங்கைப் பார்ப்பது ஒரு தனி அனுபவம். டூரியன் பழத்தின் உறவுக்கார மரம் அது. பூ நுனிக்கிளையில் வராது. முற்றிய கிளையின் பட்டையைப் பிளந்துகொண்டு பழுப்பு நிறத்தில் கொத்துக் கொத்தாக வரும். பூ என்று சொன்னால் நம்பமாட்டீர்கள். இதழ் கிடையாது, சதைப்பற்றான குழல் மட்டும்தான். குரங்கு கிளையில் குந்திக்கொண்டு அந்தக் குழலை ஒவ்வொன்றாகப் பிய்த்து வாயில் போடும். மேவாயிலும் மீசை மயிரிலும் மகரந்தம் ஒட்டும். அப்படியே அடுத்த மரத்துக்குத் தாவும். தின்கிறது, அழிக்கிறது என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் இதே காக்காச்சியில் நடந்த ஆய்வு, இந்த மரத்தின் மகரந்தத்தைக் கடத்துவதில் குரங்கு, மந்தி, அணில், வௌவால் போன்ற பாலூட்டிகளுக்குப் பங்கிருப்பதைக் காட்டியது. பூவைத் தின்று பூவுக்கே உதவுகிற வேலை.

பழக்காலத்தில் கன்னப்பையை நிரப்பிக்கொண்டு வேறிடம் போய், சாவகாசமாக மென்று விதையைத் துப்பும். காட்டுக்கு அதுவும் ஒரு விதைப்பு.

இதன் பலவீனம் இனப்பெருக்கத்தில்தான் இருக்கிறது. பெண்குரங்கு முதல் குட்டியை ஈனவே ஆறேழு வயதாகும். ஒரு குட்டிக்கும் அடுத்ததற்கும் இடைவெளி சுமார் இரண்டரை ஆண்டு. வயதுவந்த ஆண் பிறந்த கூட்டத்தைவிட்டு வேறு கூட்டம் தேடிப் போக வேண்டும். ரத்தம் கலப்பது அப்படித்தான். நடுவில் தேயிலைத் தோட்டமோ நெடுஞ்சாலையோ வந்துவிட்டால் அந்த ஆண் எங்கே போவது? ஒரு கூட்டத்தில் ஒரே ஆண்டில் நாலைந்து பெண்கள் லாரியில் அடிபட்டுச் செத்தால், அந்தக் குழியை நிரப்பப் பத்தாண்டு பிடிக்கும். வேட்டையும் உண்டு. கருமந்தி என்ற வேறொரு குரங்கின் கறிக்கும் எண்ணெய்க்கும் மருந்துக் குணம் உண்டென்ற மூடநம்பிக்கை பக்கத்துக் கிளையில் இருந்த சோலைமந்தியையும் சேர்த்தே கொன்றிருக்கிறது.

பாசியின் கணக்கு

வெள்ளிப்பாசியைப் பார்க்க வேண்டுமானால் குனிய வேண்டும். முடிந்தால் நகைக்கடைக்காரர் கண்ணில் செருகிக்கொள்ளும் உருப்பெருக்கி ஒன்று கையில் இருக்கட்டும். வெறுங்கண்ணுக்குச் சாம்பல் பூத்த பச்சைத் திட்டாகத் தெரிவது, ஆடிக்குள் பார்த்தால் நெருக்கமாக நிற்கும் நூற்றுக்கணக்கான தண்டுகளாகப் பிரியும். ஒவ்வொரு தண்டிலும் இலைகள் ஒன்றன்மேல் ஒன்றாக, ஓடு வேய்ந்ததுபோல அழுத்தி அடுக்கியிருக்கும். இலையின் மேல்பாதியில் பச்சையம் இல்லை. கண்ணாடிபோல வெறுமையாக இருக்கும். அந்த வெறுமைதான் வெள்ளி மினுக்கத்தைக் கொடுக்கிறது. சுடும் வெயிலைத் திருப்பியடிக்கவும் உதவுகிறது.

வேர் கிடையாது. பற்றிக்கொள்ளச் சில இழைகள் உண்டு, அவ்வளவுதான். தண்ணீரை உடம்பு முழுவதாலும் குடிக்கும். தண்ணீர் இல்லையென்றால் வாடிச் சாவதில்லை. காய்ந்து சருகாகி, உயிரின் வேலையையெல்லாம் நிறுத்திவிட்டுக் காத்திருக்கும். கோடையில் மொறமொறவென்று கிடக்கும் திட்டின் மேல் அரை டம்ளர் தண்ணீரை ஊற்றிவிட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் இலை விரியும், பச்சை ஏறும். இந்தப் பொறுமையில் பாசிக்குலத்தின் சாதனைகள் நம்பமுடியாதவை. கனடாவின் வடகோடியில் எல்ஸ்மியர் தீவில், சுமார் 400 ஆண்டு பனிப்பாறைக்கு அடியில் புதைந்து கிடந்த பாசிகள் பனி விலகியதும் மறுபடி துளிர்த்ததை 2013-இல் பதிவுசெய்தார்கள். அண்டார்க்டிகாவை ஒட்டிய சிக்னி தீவில் 1,500 ஆண்டுப் பழைய பாசி உயிர்பெற்றதாக மறு ஆண்டு செய்தி வந்தது. அவை வேறு இனங்கள் என்றாலும் ஒரே குலம்.

இனவிருத்தியிலும் வெள்ளிப்பாசிக்கு வழி பல. ஆண் செடி வேறு, பெண் செடி வேறு. ஆண் அணு நீந்திப் போக மழைநீர்ப் படலம் வேண்டும் என்றுதான் பாடப்புத்தகம் சொல்லும். 2006-இல் ஸ்வீடனில் நடந்த ஒரு சோதனை அதில் திருத்தம் போட்டது. கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணிகளும் துள்ளுவால் பூச்சிகளும் அந்த அணுவைச் சுமந்துபோய்ச் சேர்ப்பதைக் காட்டினார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட பாசி இதே வெள்ளிப்பாசிதான். பூவுக்குத் தேனீ செய்வதை, பூ என்ற ஒன்று உலகில் தோன்றும் முன்பே பாசிக்கு வேறு யாரோ செய்திருக்கலாம் என்று யோசிக்க வைக்கிற ஆய்வு. இதெல்லாம் இல்லாவிட்டாலும் கவலையில்லை. ஒடிந்த துணுக்கு போதும், செருப்படியில் ஒட்டிக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

குரங்கு நம்மைப் போல இருப்பதால் உயர்ந்தது, பாசி தாழ்ந்தது என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு தகவல். 2008-இல் முதன்முதலாக ஒரு பாசியின் மரபணுத் தொகுதியை முழுதும் படித்தபோது 30,000-க்கும் மேற்பட்ட மரபணுக்கள் இருப்பதாகக் கணக்கிட்டார்கள். நம்மிடம் இருப்பது 20,000 சொச்சம். இதை வைத்துப் பாசி நம்மைவிடப் புத்திசாலி என்று சொல்லப் போவதில்லை. உயரம், எடை, முகக்களை ஆகியவற்றை வைத்து உயிர்களுக்குப் பந்தியில் இடம் ஒதுக்குகிற பழக்கம் நம்முடையது என்பதை நினைவூட்டத்தான்.

ஒரே சாலை

இப்போது வால்பாறைக்கு வாருங்கள். பொள்ளாச்சியிலிருந்து நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறினால் வருகிற ஊர். 1890-களில் தொடங்கி ஆனைமலையின் இந்த மேட்டுநிலக் காட்டை வெட்டிக் காப்பியும் தேயிலையும் போட்டார்கள். தோட்டங்களுக்கு நடுவே வெட்டாமல் விட்ட காட்டுத்துண்டுகள் இன்றும் நிற்கின்றன. அவற்றில் புதுத்தோட்டம் ஏறத்தாழ 92 ஹெக்டேர். அந்தத் துண்டுக்குள் நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட சோலைமந்திகள் இருப்பதாக ஆய்வாளர்கள் பதிவுசெய்திருக்கிறார்கள். அழிந்துவரும் ஒரு குரங்கு ஓரிடத்தில் இப்படி நெருக்கியடித்துக்கொண்டிருப்பதைப் பார்த்து, ‘எங்கே அழிகிறது? தெருவெல்லாம் குரங்காக இருக்கிறதே’ என்று ஊர்க்காரர் கேட்பதில் நியாயம் இருக்கிறது.

அங்கே நடந்தது இதுதான். காட்டுக்கு நடுவே சாலை போகிறது. இருபுறமும் கிளைகள் தொடாமல் விலகிவிட்டன. மேலே போக வழியில்லாததால் குரங்கு கீழே இறங்கியது. இறங்கிய இடத்தில் மனிதர்களின் சாப்பாடு இருந்தது. குப்பைத்தொட்டி, கடை வாசல், பிறகு தோட்டத் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டின் சமையலறை. தலைமுறை தலைமுறையாகத் தரையை மிதிக்காத ஒரு குரங்கு, ஓட்டைப் பிரித்து உள்ளே இறங்கி அரிசிப் பானையைக் கவிழ்க்கக் கற்றுக்கொண்டது. காலையில் ஆறு மணிக்குக் கொழுந்து பறிக்கப் போகிற பெண் மாலையில் திரும்பி வந்து பார்க்கும்போது ரேஷன் அரிசி தரையெல்லாம் சிதறிக் கிடக்கும். இந்தக் குரங்கு உலகத்தின் சொத்து என்று அவரிடம் போய்ச் சொல்ல எனக்குத் துணிவில்லை. சொத்தின் சேதாரம் முழுவதும் அவர் கணக்கில் போகிறது; பெருமை மட்டும் நம் எல்லோருக்கும் பங்கு.

இயற்கைப் பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் வனத்துறையும் சேர்ந்து சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டினார்கள். குரங்குகள் அவற்றில் போகக் கற்றுக்கொண்டன. வண்டிகளை மெதுவாகப் போகச் சொல்லச் சாலையோரம் காவலாட்களையும் நிறுத்தினார்கள். நல்ல வேலை, சும்மா சொல்லக் கூடாது. இருந்தாலும் அது காயத்துக்குப் போட்ட கட்டு.

அதே சாலையில் குரங்கைப் பார்க்க நிறுத்திய வண்டியிலிருந்து இறங்கி, யாரும் பார்க்காத தடுப்புச்சுவரைப் பாருங்கள். சிமென்ட் பூச்சில், வெயில் நேராக விழும் இடத்தில், வெள்ளிப்பாசி திட்டுத் திட்டாகப் படர்ந்திருக்கும். சிமென்டும் வெயிலும் மிதியடியும் பறவை எச்சமும் சிறுநீரும் அதற்கு உரம். மனிதன் போகிற இடமெல்லாம் பின்னாலேயே வருகிற செடி அது.

சுவரைத் தாண்டிக் காட்டுக்குள் இருபதடி போனால் வேறு பாசிகள். மரப்பட்டையை மூடிய தடித்த மெத்தை. கிளையிலிருந்து முழநீளத்துக்குத் தொங்கும் மெட்டியோரியம் குடும்பத்துப் பாசிகள். இலையின் மேலேயே வளரும் நுண்ணிய ஈரற்செடிகள். காலை மூடுபனியை வடிகட்டிச் சொட்டுச் சொட்டாக மரத்துக்கும் மண்ணுக்கும் விடுவதில் இவற்றுக்குப் பெரும்பங்கு உண்டு. சோலைக்கிளியும் நீலகிரி ஈப்பிடிப்பானும் கூடு கட்டுவது இந்தப் பாசியை வைத்துத்தான். சோலைமந்தி பூச்சி தேடிக் கையைவிட்டுக் கிளறுவதும் இந்த மெத்தையைத்தான். விதானம் திறந்து வெயிலும் காற்றும் உள்ளே புகுந்தால் இவை தாக்குப்பிடிக்காது. வெள்ளிப்பாசிக்கு உள்ள வறட்சித் தாங்கும் வரம் குலத்தில் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைத்ததில்லை.

ஆக, ஒரு சாலை மூன்று வேலை செய்கிறது. சோலைமந்தியைத் தரைக்கு இறக்குகிறது. சோலைப்பாசியைக் காயவைக்கிறது. வெள்ளிப்பாசிக்குச் சுவர் கட்டிக் கொடுக்கிறது. நாம் முதலாவதை மட்டும் எண்ணுகிறோம். மூன்றாவதைப் பார்த்து ‘பாசிக்கு என்ன குறைச்சல், எங்கும்தான் இருக்கிறதே’ என்கிறோம். இரண்டாவது நடந்தது யாருக்கும் தெரிவதில்லை. உலகில் பாசி இனங்கள் சுமார் 12,000. அதில் நமக்குக் கண்ணில் படுவது சுவரில் இருக்கும் நாலைந்து. குரங்கினத்தின் அரிய உறுப்பினர் ஒன்றையும் பாசிக்குலத்தின் மிக மலிந்த உறுப்பினரையும் எதிரெதிரே நிறுத்தி எடைபோட்டால் தராசு எப்படிச் சரியாக இருக்கும்? வெள்ளிப்பாசியோடு ஒப்பிட வேண்டியது எலிக்கூட்டத்தையோ காக்கையையோ. சோலைமந்தியோடு ஒப்பிட வேண்டியது அதன் காலடியில் தொங்கும் பாசியை.

மலிந்தது என்ற நம்பிக்கையும் அவ்வளவு உறுதியானதில்லை. நாட்டுக் குரங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். கோயிலில் தேங்காய் பிடுங்கும் குரங்கு, மாந்தோப்பைச் சூறையாடும் குரங்கு. அது அருகிவருகிறது என்று சொன்னால் விவசாயி சிரிப்பார். ஆனால் தென்னிந்தியாவுக்கு மட்டுமே உரிய இந்தக் குரங்கைப் பன்னாட்டுச் செம்பட்டியல் இப்போது ‘பாதிப்புக்குள்ளாகக்கூடியது’ என்ற வகையில் வைத்திருக்கிறது. மைசூர் வட்டாரத்தில் நெடுஞ்சாலையை அகலப்படுத்த ஓரத்து ஆலமரங்களை வெட்டியதோடு அந்த மரங்களை நம்பியிருந்த கூட்டங்கள் கரைந்துபோனதை மேவா சிங் போன்ற ஆய்வாளர்கள் பல பத்தாண்டுகள் தொடர்ந்து எண்ணிக் காட்டினார்கள். யாரோ எண்ணியதால் தெரிந்தது. ஐரோப்பாவில் பாசிகளையும் அவற்றின் உறவுச் செடிகளையும் 2019-இல் உட்கார்ந்து எண்ணினார்கள். மதிப்பிட்ட சுமார் 1,800 இனங்களில் ஐந்தில் ஒன்றுக்கும் மேல் அழிவின் விளிம்பை நோக்கிப் போவதாகத் தெரிந்தது. நம் மலையில் அப்படி ஒரு கணக்கு எடுத்தால் என்ன வரும்?

கொடி பிடித்த குரங்கு

குரங்கை முன்னால் நிறுத்திக் காட்டைக் காப்பாற்றும் உத்திக்கு நம் பக்கத்திலேயே பெரிய வெற்றி இருக்கிறது. கேரளத்தின் குந்திப்புழையில் 120 மெகாவாட் மின்சாரத்துக்காக அணை கட்டி, சைலன்ட் வேலியின் 830 ஹெக்டேர் காட்டை மூழ்கடிக்க 1970-களில் திட்டம் போட்டார்கள். கவிஞர் சுகதகுமாரி, தாவரவியல் பேராசிரியர் எம்.கே. பிரசாத், கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத், பறவையியலர் சாலிம் அலி என்று பலதரப்பும் எதிர்த்தது. அதற்குக் கொஞ்சம் முன்னால் ஸ்டீவன் கிரீன், கேரன் மின்கோவ்ஸ்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் களக்காடு மலைகளில் சோலைமந்தியைப் பின்தொடர்ந்து படித்திருந்தார்கள். களக்காடு 1976-இல் இந்தக் குரங்குக்காகவே சரணாலயமானது. சைலன்ட் வேலிப் போராட்டத்தின் முகமாகவும் இதே குரங்கு ஆயிற்று.

‘குரங்கா, மனிதனா?’ என்று திட்டத்தை ஆதரித்தவர்கள் கேட்டார்கள். மலபாருக்கு மின்சாரம் வேண்டும் என்பது பொய்யான வாதம் கிடையாது. ஆனாலும் கேள்வியைக் குரங்கோடு சுருக்கியது ஒரு சாமர்த்தியம். குரங்கின் பின்னால் ஆறு இருந்தது, மண் இருந்தது, பெயர் தெரியாத ஆயிரம் பூச்சிகளும் ஆர்கிட்களும் பாசிகளும் இருந்தன. 1984-இல் அது தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டு, அடுத்த ஆண்டு ராஜீவ் காந்தி அதைத் தொடங்கிவைத்தபோது, குரங்கின் பேரைச் சொல்லி அவையெல்லாமும் தப்பின.

இந்த உத்தி என்றைக்கும் பலிக்கும் என்று நம்பியிருக்க முடியாது. கர்நாடகத்தின் ஷராவதிப் பள்ளத்தாக்கில் 2019-இல் இந்தக் குரங்கின் பெயரிலேயே ஒரு சரணாலயத்தை விரிவாக்கி அறிவித்தார்கள். அதே பகுதியில் 2,000 மெகாவாட் நீரேற்று மின்திட்டத்தையும் முன்வைத்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையில் குரங்கு, வரைபடத்தில் சுரங்கம். ‘குரங்குக்கு மாற்று ஏற்பாடு செய்கிறோம், தொங்குபாலம் கட்டுகிறோம், இழப்பீட்டுக் காடு வளர்க்கிறோம்’ என்று ஒரு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டால் குரங்கு என்ற தடையைக் கோப்பில் கடந்துவிடலாம். நூறாண்டு ஈரத்தில் வளர்ந்த பாசி மெத்தைக்கு மாற்று ஏற்பாடு எழுதச் சொன்னால் எந்தப் பொறியாளரும் விழிப்பார். ஒரு காட்டை இடம்மாற்ற முடியாது என்பதற்கு, ஓடியாடித் திரியும் குரங்கைவிட ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாசி வலுவான சாட்சி.

சட்டத்தில் இந்தச் சாட்சிக்குக் கூண்டே கிடையாது. 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சோலைமந்தி இருக்கிறது. புலிக்குச் சமமான பாதுகாப்பு. அதே சட்டம் பின்னாளில் செடிகளுக்கென்று ஒரு அட்டவணை போட்டபோது அதில் இடம்பெற்றவை ஆறே ஆறு. 2022 திருத்தத்தில் நீலக்குறிஞ்சி உள்ளிட்ட சில சேர்ந்தன. பாசி ஒன்றுகூட இல்லை. அட்டவணையில் சேர்ப்பதற்கு ஒரு இனம் எங்கே, எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். அது தெரிவதற்கு யாராவது தேட வேண்டும். கொடைக்கானல் செண்பகனூரில் இருந்த இயேசு சபைத் துறவி ஜார்ஜ் ஃபோரோ பழனிமலைப் பாசிகளைத் தேடித் தேடிச் சேர்த்து 1961-இல் ஒரு பட்டியலை வெளியிட்டார். இன்றும் அந்த மலையின் பாசியைப் பற்றிப் பேசுகிறவர்கள் அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியில் தென்கோடி மலைகளின் பாசிகளைப் பல ஆண்டுகளாகப் படித்துவருகிறார்கள். இப்படி விரல்விட்டு எண்ணக்கூடிய இடங்கள்தான். தமிழ்நாட்டில் எத்தனை கல்லூரிகளில் தாவரவியல் துறை இருக்கிறது என்பதை நினைத்தால் இது வேடிக்கையாக இருக்கிறது.

பணத்தின் கதையும் அப்படியே. அழிந்துவரும் உயிரினங்களுக்காகத் தமிழ்நாடு அரசு ஒரு நிதியம் தொடங்கி, 2025-இல் அதிகம் கவனிக்கப்படாத நான்கு உயிர்களுக்காக 1 கோடி ரூபாய் ஒதுக்கியது. சோலைமந்தி, முள்ளெலி, கழுதைப்புலி, திமில் உள்ள மஹ்சீர் மீன். புலி, யானையைத் தாண்டி யோசித்ததே பெரிய விஷயம், வரவேற்கிறேன். நான்குமே முதுகெலும்புள்ள விலங்குகள் என்பதையும் கவனிக்காமல் இருக்க முடியவில்லை.

இதற்காகக் குரங்கின் காசைப் பிடுங்கிப் பாசிக்குக் கொடுக்கச் சொல்லவில்லை. கொடுத்தால் பாசி அதை வைத்து என்ன செய்யும்? தேவைப்படுவது, அதே காசை வேறு மாதிரிச் செலவழிப்பது. சோலைமந்தியைக் கணக்கெடுக்க வனத்துறை ஆட்களும் ஆய்வு மாணவர்களும் காட்டுக்குள் நாள்கணக்கில் நடக்கப் போகிறார்கள். அவர்கள் நிறைக்கும் படிவத்தில் தலை எண்ணிக்கையோடு இன்னும் சில வரி இருக்கட்டும்: அந்த இடத்தில் விதானம் மூடியிருக்கிறதா, மார்பு உயரத்தில் மரப்பட்டையின் எவ்வளவு பகுதியைப் பாசி மூடியிருக்கிறது, தொங்கும் பாசி இருக்கிறதா. இனம் கண்டுபிடிக்க நிபுணர் வேண்டும். மூடிய அளவைக் குறிக்க வேண்டாம். பாசி மாதிரியைச் சேமிப்பதும் எளிது. அழுத்திப் பதப்படுத்த வேண்டிய தேவை இல்லை. நிழலில் உலர்த்தி, மடித்த காகிதப் பையில் போட்டு, இடமும் தேதியும் எழுதினால் போதும். நிபுணர் வருகிறவரை பல பத்தாண்டுகள்கூட அது காத்திருக்கும்.

குரங்குகள் பெருகியிருக்கும் துண்டில் அந்தப் பெருக்கத்தை மட்டும் பார்த்தால் பாதுகாப்பு வெற்றி என்று அறிக்கை எழுதத் தோன்றும். பாசிக் கணக்கும் பக்கத்தில் இருந்தால், தலை கூடிக்கொண்டே போக, காடு காய்ந்துகொண்டே வருவது தெரியும். புதுத்தோட்டம் மாதிரியான இடத்துக்கு இந்த இரண்டாவது கணக்குதான் அவசரத் தேவை. துண்டுக்கும் பக்கத்துத் துண்டுக்கும் இடையே தோட்ட நிலத்தில் நாட்டுமரங்களை நட்டு விதானத்தைச் சேர்க்கிற வேலை வால்பாறையில் சிறிய அளவில் நடந்துவருகிறது. அது தேறியதா என்பதற்குக் குரங்கு போய்வருவது ஒரு சான்று. நட்ட மரத்தின் பட்டையில் சோலைப்பாசி குடியேறியிருப்பது அடுத்த சான்று. அதற்குக் கூடுதல் காலம் பிடிக்கும்.

நெடுஞ்சாலைத் துறைக்கும் ஒரு வேலை இருக்கிறது. மலைச்சாலையை அகலப்படுத்தும் மதிப்பீட்டில் எத்தனை மரம் வெட்டுகிறோம் என்ற எண்ணிக்கை மட்டும் போதாது. வேலை முடிந்தபின் இருபுறக் கிளையும் மேலே தொட்டுக்கொள்ளுமா என்ற கேள்விக்கும் பதில் எழுத வேண்டும். தொடாத இடங்களில் சாலையை அகலப்படுத்துவதைக் கைவிட வேண்டும். பக்கவாட்டில் சிமென்ட் பூசாமல் கல்லடுக்கிக் கட்டினால் போதும் என்ற இடங்களில் அப்படியே கட்டலாம். இடுக்கில் ஈரம் நிற்கும். ஒப்பந்தக்காரருக்குச் சிமென்ட் லாபம் குறையும் என்பதால் இந்த யோசனைக்குப் பெரிய வரவேற்பு இருக்காது என்பது தெரிந்தே சொல்கிறேன். ஷராவதிக்கும் இதே கேள்விதான்: சுரங்க வாயும் அணுகுசாலையும் மின்கம்பப் பாதையும் சேர்ந்து எத்தனை இடத்தில் விதானத்தை அறுக்கின்றன என்று திட்ட அறிக்கையில் கிலோமீட்டர் வாரியாகக் காட்டட்டும். லைன் வீட்டுக்காரரின் அரிசிப் பானைக்கு இழப்பீடு எந்தத் தலைப்பில், யார் கையொப்பத்தில், எத்தனை நாளில் வரும் என்பதையும் அதே அறிக்கையில் எழுதட்டும்.